குட்டி யானையும் குற்றவாளி மாமாவும்

என் அக்கா மகனுக்கு எட்டு வயசு. கோபாலபுரம் கான்ரான் ஸ்மித் ரோட்டுப் பக்கம் வீடு. அவனுக்கு நான் வைத்த செல்லப் பெயர் 'குட்டி யானை'. (லோடு அடிக்கிற வண்டி இல்லை சார், நிஜ யானை!) வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பையனுக்கு வயிற்றுவலி. அதுவும் செவ்வாய், வியாழன் மட்டும்!

"காலண்டர் பார்த்து வர்ற வயித்துவலியை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அக்கா. டைம்டேபிளை எடுத்துப் பார்த்தால், அந்த ரெண்டு நாளும் பி.டி. பீரியட். அடுத்த வாரமே பள்ளியிலிருந்து போன். பையன் கூடப் படிக்கிறவனைக் கடித்துவிட்டானாம்.

"ஏண்டா கடிச்சே?"

"என்னைக் குட்டி யானைன்னு கூப்பிட்டான்."

"அந்தப் பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே மாமா ஸ்கூல் வாசல்ல நின்னு கத்தினே..."

எனக்குப் பேச்சு வரவில்லை. அழுதவனை என் அம்மா எப்படிச் சமாதானம் செய்தாள் தெரியுமா? நாலு முறுக்கு, ஒரு தம்ளர் பால், அதில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. "வளர்ற புள்ளை, சாப்பிட்டா சரியாயிடும்!"

நான் பி.காம். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும் என்று படித்தவன். இங்கேயும் அதே கணக்குதான். கேலி செய்தால் அழுகை, அழுதால் முறுக்கு, முறுக்கால் எடை, எடை கூடினால் மறுபடி கேலி!

பிரிட்டனில் 2000 முதல் 2002 வரை பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை 14 வயது வரை கவனித்து, 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு வயசு தொடங்கி உடல் பருமனும் மனக்கஷ்டமும் கைகோத்துக்கொண்டு வளர்கின்றனவாம். அமெரிக்காவில் 1961-லேயே சின்னப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் காட்டி, "யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். ஊன்றுகோல் பிடித்த பிள்ளை, சக்கர நாற்காலிப் பிள்ளை எல்லோருக்கும் பின்னால், கடைசி இடம் குண்டுப் பிள்ளைக்கு!

'அதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்' என்று தள்ளிவிட முடியாது. அக்கா வீட்டுப் பக்கம், அதே கான்ரான் ஸ்மித் ரோட்டில் இருக்கிறது மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன். சென்னையில் 51 பள்ளிகளில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்து பார்த்து அவர்கள் 2014-ல் வெளியிட்ட கணக்கு இது: அதிக எடையும் பருமனும் சேர்ந்து, தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21.4 பேர்; அரசுப் பள்ளிகளில் 3.6 பேர். ஃபீஸ் கட்டிச் சேர்க்கிற இடத்தில்தான் எடையும் கூடுதல்.

குண்டாக இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் சோகமாக இருப்பார்கள் என்றில்லை. ஆனால் சிரிக்கிற பிள்ளை எல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்றும் இல்லை!

டாக்டர் பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களைப் பிடித்துக்கொண்டார். "எடையைப் பத்தி அவன் காதுபடப் பேசாதீங்க. அவனுக்கு மட்டும் தனிச் சமையல் கூடாது. வீடு முழுக்க ஒரே சாப்பாடு. அழுதா தின்பண்டம் கொடுக்காம, பக்கத்துல உட்கார்ந்து என்னன்னு கேளுங்க. தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். அப்புறமும் கோபம், வயித்துவலி, யாரோடும் சேராம இருக்கறதுன்னு தொடர்ந்தா, தயங்காம மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அன்று சாயங்காலமே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தினமும் ரெண்டு பேரும் நடக்கிறோம். முதல் தெருமுனையிலேயே மூச்சு வாங்குவது எனக்குத்தான்.

நேற்று என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, உனக்கு ஒரு பேர் வைக்கட்டுமா?"

பக்கென்றது.

கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம். மாமான்னே இருக்கட்டும்!"