லாரி எஞ்சினின் காற்று வழியும் வாக்குவம் குழாய்களும்

காற்று நம்மைச் சூழ்ந்து எப்பொழுதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் அது ஒரே அளவாக அழுத்துவதால் நாம் அதனை உணர்வதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை அகற்றிவிட்டால்தான் மறு பக்கத்துக் காற்றின் வலிமை வெளிப்படும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்தைச் சேர்ந்த ஆட்டோ வான் கெரிக் என்னும் அறிஞர் இதனை உலகறியச் செய்தார். இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளிருந்த காற்றை இறைத்துவிட்டார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை எளிதில் பிரியவில்லை. அன்று வேடிக்கையாகக் காட்டப்பட்ட அதே ஆற்றல்தான் இன்று சிறு லாரிகளில் டிரைவரின் காலுக்குத் துணையாக நின்று பிரேக்கை அழுத்துகிறது. அதனைக் கொண்டு செல்வது விரற்பருமன் உள்ள ஒரு ரப்பர்க் குழாய். பட்டறையில் அதற்கு வாக்குவம் ஓஸ் என்று பெயர்.

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையின்மேல் அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் தமிழர் பலர் உழைத்து வாழ்கின்றனர். அவ்வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்தை அடைகிறது. சாலைப் புழுதிக்கு அஞ்சியும், மழைக்காலத்தில் தேங்கும் நீருக்கு அஞ்சியும், லாரியின் காற்று வாயை உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. கூடுதல் இழுவை கிடைக்கும் என்று நம்பிப் பெரிய ஏர் கிளீனரைப் பொருத்துபவர்களும் உண்டு. இவ்வேலையின்போது குறுக்கே வரும் சிறு குழாய்களை எவ்வாறு கையாள வேண்டும் என்பதையே இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில், வெற்றிடம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் காற்றின் வழியைத் திராட்டில் எனும் தகடு மறைத்து நிற்கிறது. பிஸ்டன் காற்றை உறிஞ்ச, தகடு தடுக்க, இரண்டிற்கும் இடையே வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. டீசல் எஞ்சினில் காற்று பெரும்பாலும் தடையின்றி உட்செல்வதால் அத்தகைய வெற்றிடம் போதிய அளவில் கிடைப்பதில்லை. ஆகவே தனியாக ஒரு வாக்குவம் பம்ப் வைக்கப்படுகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் அமைந்திருக்கும். கனரக லாரிகளிலோ பிரேக்கை இயக்குவது வெற்றிடம் அன்று. கம்ப்ரஸர் திரட்டித் தரும் அழுத்தக் காற்றேயாகும்.

காற்று வழியை ஒட்டி ஓடும் குழாய்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. இதனை அறியாமையே பல கேடுகளுக்கு வேர். ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள பெரிய குழாயில் சிறிதளவு உறிஞ்சுதல் மட்டுமே உண்டு. ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டதைச் சிவப்பு நிறத்தால் காட்டும் சிறு கருவி, 500 முதல் 635 மில்லிமீட்டர் நீர் உயரத்திற்குச் சமமான உறிஞ்சுதலிலேயே எச்சரிக்கை செய்துவிடும். இதனைப் பாதரச அளவில் கூறினால் 50 மில்லிமீட்டருக்கும் குறைவு. வாக்குவம் பம்ப்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாயிலோ 600 மில்லிமீட்டர் பாதரச அளவிற்கும் மேற்பட்ட வெற்றிடம் இருத்தல் கூடும். டர்போவைக் கடந்த பின் உள்ள குழாயில் வெற்றிடமே இல்லை. அங்கே அழுத்தமே உண்டு. டர்போவின் வாயிலிருந்து அதன் வேஸ்ட்கேட் டப்பாவிற்குச் செல்லும் மெல்லிய குழாயும் அழுத்தத்தையே சுமக்கிறது. அது கழன்றால் வேஸ்ட்கேட் திறவாது. அழுத்தம் அளவு மீறி எஞ்சினுக்கே ஊறு விளையும். சில டர்போக்களில் அந்த டப்பா வெற்றிடத்தால் இயங்குகிறது. அதன் குழாய் கசிந்தால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது.

இன்னும் இரண்டு குழாய்களைக் குறிப்பிட வேண்டும். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் எண்ணெய்ப் புகையைக் காற்று வழியில் சேர்ப்பது பிரீதர்க் குழாய். இதனை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து ஆயில் சீல்கள் பிதுங்கும். காற்று வழியில் அதற்குரிய துளையைத் திறந்துவிட்டால் வடிகட்டாத புழுதி உட்புகும். அவ்வாறே, கனரக லாரிகள் சிலவற்றில் பிரேக் கம்ப்ரஸருக்குரிய தூய காற்றும் ஏர் கிளீனரிலிருந்தே ஒரு குழாய் வழியாகச் செல்கிறது. புதிய ஏர் கிளீனரில் அதற்கு இடமில்லை என்று அதனைத் திறந்தபடி விட்டுவிடுவது, மணலை அள்ளிக் கம்ப்ரஸருக்குள் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

இவற்றுள் உயிரோடு தொடர்புடையது பிரேக் குழாயே. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பூஸ்டர்த் தகட்டின் பரப்பு ஏறத்தாழ 490 சதுர சென்டிமீட்டர். 500 மில்லிமீட்டர் பாதரச அளவுள்ள வெற்றிடம் கிடைத்தால், சுமார் 330 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை டிரைவரின் காலுக்குத் துணையாக வருகிறது. குழாய் கழன்றால் அத்துணை முழுவதும் போய்விடும். பிரேக் அறவே செயலற்றுப் போவதில்லை; ஆயினும் மிதி கல்லைப் போல் இறுகிவிடும். தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்பெற்ற இறக்கம். பாரம் ஏற்றிச் செல்லும் டிரைவருக்கு, பட்டறையில் சரியாக இறுக்கப்படாத ஒரு கிளிப் அந்த இறக்கத்தில் வந்து கணக்குக் கேட்கும்.

உயரத்தின் செல்வாக்கையும் மறத்தலாகாது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு. சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலோ ஏறக்குறைய 680 மில்லிமீட்டரே. இல்லாத அழுத்தத்தை எந்தப் பம்ப்பும் நீக்க இயலாது. ஆகவே சென்னையில் ஒரு மானி காட்டும் வெற்றிடத்தைவிடப் பெங்களூரில் அது பத்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். இது பம்ப்பின் குற்றமன்று. அதே வேளையில், இயல்பாகவே துணைவலி சற்றுக் குறைந்துள்ள இடத்தில் சிறு கசிவையும் பொறுத்தல் தகாது என்பதும் இதனால் விளங்கும்.

இனி, வேலை செய்யும் முறையைக் கூறுவோம். குழாயைக் கழற்றுமுன் அதன் இரு முனைகளிலும், அது பொருந்தியிருந்த மூக்கிலும் ஒரே எண்ணைத் துணி டேப்பில் எழுதி ஒட்டுக. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்க. பழைய குழாய் சூட்டினால் மூக்கோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென இழுத்தால் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடும். முதலில் மெல்லத் திருகித் தளர்த்துக. தளராவிடில் குழாயை நீளவாட்டில் கீறி எடுத்து, புதியதை இடுக. திறந்த வாய்களை உடனே மூடிவிடுக. அங்கே விழும் ஒரு சிறு நட்டு டர்போவின் இறக்கைகளைச் சிதைக்க வல்லது.

புதிய குழாயின் உள்விட்டம் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைவதால் குழாய்க்குச் சிறிது நெகிழ்வு தேவை. ஆனால் மடிப்பு விழலாகாது. டர்போ, சைலன்சர்க் குழாய் ஆகியவற்றின் சூட்டிலிருந்து அதனை விலக்கிக் கட்டுக. வாக்குவம் பம்ப்பில் எண்ணெய் உண்டாதலால் எண்ணெயைத் தாங்கும் ரப்பர்க் குழாயே அங்குத் தகும். தண்ணீருக்குரிய குழாய் எண்ணெயில் ஊறி உப்பும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகும். மெல்லிய சிலிக்கோன் குழாய் வெற்றிடத்தில் சப்பையாகி வழியை அடைக்கும். பிரேக் குழாயில் உள்ள ஒருவழி வால்வு, பூஸ்டரிலிருந்து பம்ப்பை நோக்கி மட்டுமே காற்றை விட வேண்டும். அதனைத் திருப்பிப் பொருத்தினால் துணைவலி இல்லை. அந்தக் குழாயைக் கிளைபிரித்து வேறு கருவிக்கு இணைப்பது ஒருபோதும் கூடாது.

வேலை முடிந்தபின் சோதனை இன்றியமையாதது. எஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். பின்பு மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். மீண்டும் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மிதித்தால், முதல் ஓரிரு மிதிகள் மென்மையாக இருக்க வேண்டும். இல்லையேல் வால்வோ குழாயோ கசிகிறது என்று அறிக. அழுத்தக் குழாயின் கசிவைச் சோப்பு நீர் குமிழியிட்டுக் காட்டும். வெற்றிடக் குழாயோ அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே அங்குக் கையால் இயக்கும் வாக்குவம் பம்ப்பும் மானியுமே உதவும். பெட்ரோலையோ ஈதரையோ தெளித்துக் கசிவு தேடுவது டீசல் எஞ்சினில் பேராபத்து. உள்ளே இழுக்கப்பட்ட ஆவியே எரிபொருளாகி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்க இடமளிக்கிறது. தேய்ந்த குழாயை அதே வகைக் குழாயால் மாற்றுவது பழுதுபார்த்தலே. காற்று வழியின் அமைப்பையே மாற்றுவதாயின், முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

பிற மாநிலத்தில் தொழில் செய்வோருக்கு மொழி பற்றியும் ஒரு சொல். தமிழில் நாம் வெற்றிடம் என்பதைக் கன்னடத்தார் நிர்வாத என்பர். குழாயைக் கொளவெ என்பர், நம் குழலுக்கு உறவான சொல் அது. பட்டறையிலோ எல்லாருக்கும் வாக்குவம் ஓஸ்தான். பெயர் எதுவாயினும், எந்தக் குழாய் எதைச் சுமக்கிறது என்பதை வண்டியை ஒப்படைக்கும் டிரைவருக்கு அவர் அறிந்த மொழியில் சொல்லி, பிரேக் சோதனையை அவர் காலாலேயே செய்யச் சொல்லுதல் வேண்டும். சில நிமிடங்களே பிடிக்கும் இவ்வழக்கத்தைப் பட்டறைதோறும் கைக்கொண்டால், கணவாயில் இறங்கும் வண்டி பத்திரமாக ஊர் சேரும்.