எலுமிச்சைச் சாற்றுக்காக 48 ஆண்டுகள் காத்திருந்த மாலுமிகள்!

1794, செப்டம்பர் 11. மெட்ராஸ் கடற்கரைக்கு எதிரே வந்து நங்கூரம் பாய்ச்சியது 'சஃபோக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அன்று மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் கடலிலேயே நிற்கும். மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டி ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும்.

ஏப்ரல் 2-ம் தேதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'சஃபோக்', வழியில் எந்தக் கரையையும் தொடாமல் 23 வாரங்கள் கடலிலேயே வந்திருந்தது. அந்தக் காலத்தில் இத்தனை நீண்ட பயணம் என்றால், பல மாலுமிகளின் உடல்களை வழியிலேயே கடலில் இறக்கியிருப்பார்கள். ஆனால், இந்தக் கப்பலில் ஸ்கர்வி நோய்க்கு ஒருவர்கூட பலியாகவில்லை.

காரணம், தினமும் ஆளுக்குச் சுமார் 20 மில்லி எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்!

ஆச்சர்யம் அதுவல்ல. எலுமிச்சை இந்த நோயைக் குணப்படுத்தும் என்பது அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கப்பலில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்!

பீரங்கியைவிடக் கொடிய எதிரி

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமியின் சாப்பாடு என்ன தெரியுமா? கல் போன்ற பிஸ்கட், உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, உலர்ந்த பட்டாணி. காய் கிடையாது, பழம் கிடையாது. இரண்டு, மூன்று மாதங்களில் ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். காலில் கறுத்த திட்டுகள் தோன்றும். எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. கடைசியில் மரணம்.

1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமா, திரும்பும்போது அரபிக்கடலைக் கடக்கவே ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. அதற்குள் சுமார் 30 பேர் இறந்துபோனார்கள். ஓட்ட ஆள் இல்லாமல் தங்கள் கப்பல் ஒன்றைத் தாங்களே எரித்துவிட்டார்கள்.

1740-ல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரு பிரிட்டிஷ் படை கிளம்பியது. புறப்பட்டவர்கள் சுமார் 1,900 பேர். அவர்களில் 1,300-க்கும் மேற்பட்டவர்களை நோய் கொண்டுபோனது. எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன ஒரு மாலுமியின் போர்க்காயம், இந்தப் பயணத்தில் மீண்டும் திறந்துகொண்டதாகப் பதிவாகியிருக்கிறது.

அது எப்படி என்று இன்று நமக்குத் தெரியும். உடலின் திசுக்களை ஒட்டிப்பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆறிய தழும்பும் அதனால்தான் மூடியிருக்கிறது. கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. பெரும்பாலான விலங்குகள் அதை உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது.

12 பேர், 6 வைத்தியம்

1747, மே 20. 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 பேரை ஒரே இடத்தில் படுக்கவைத்தார். எல்லோருக்கும் ஒரே உணவு. மருந்து மட்டும் இரண்டிரண்டு பேருக்கு வேறு வேறு.

ஒரு ஜோடிக்கு ஆப்பிளில் செய்த சைடர். இன்னொரு ஜோடிக்கு கந்தக அமிலம் கலந்த துளிகள். மற்றவர்களுக்கு வினிகர், கடல் நீர், பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம். ஆறாவது ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை.

ஆறு நாள்களில் பழம் தீர்ந்துபோனது. ஆனால், அதற்குள் பழம் சாப்பிட்டவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டார்! இன்றைக்கு மே 20-ம் தேதி, சர்வதேச மருத்துவப் பரிசோதனை தினமாகக் கடைப்பிடிக்கப்படுவது இதன் நினைவாகத்தான்.

காய்ச்சியதில் போன சத்து

பிறகு ஏன் இத்தனை தாமதம்?

முதல் காரணம், லிண்டே தன் கண்டுபிடிப்பின் முழு அர்த்தத்தைப் புரிந்துகொள்ளவில்லை. 1753-ல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில், இந்தச் சோதனை சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. ஈரக் காற்று, வியர்வை வெளியேறாமல் தடைபடுவது போன்றவைதான் நோயின் வேர் என்றே அவர் நம்பினார்.

இரண்டாவது காரணம், பழம் கெட்டுப்போகும் என்பதால் சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கிப் பாகு போல வற்றவைத்து எடுத்துச் செல்லச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடும். பாகு பலிக்கவில்லை. பழி எலுமிச்சை மீது விழுந்தது.

மூன்றாவது காரணம், செலவு. முளைகட்டிய பார்லியில் செய்த கஷாயம் மலிவு. கடற்படை நிர்வாகத்தில் பலர் அதைத்தான் நம்பினார்கள். முடிவெடுத்தவர்கள் கரையில் இருந்தார்கள். செத்தவர்கள் கடலில் இருந்தார்கள்.

மெட்ராஸ் சொன்ன தீர்ப்பு

இந்த நிலையில்தான் 'சஃபோக்' மெட்ராஸுக்குக் கிளம்பியது. காய்ச்சாத எலுமிச்சைச் சாறு, சர்க்கரையுடன் சேர்த்து, மாலுமிகள் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீர் கலந்த ரம்மில் தினமும் கலக்கப்பட்டது. நடுவழியில் சிலருக்கு நோயின் அறிகுறி தெரிந்தது. சாற்றின் அளவைக் கூட்டியதும் தேறிவிட்டார்கள்.

மறு ஆண்டே, 1795-ல், மருத்துவர் கில்பர்ட் பிளேன் போன்றவர்களின் வற்புறுத்தலால் எலுமிச்சைச் சாறு வழங்கக் கடற்படை ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் ஸ்கர்வி, அந்தக் கடற்படையில் அபூர்வ நோயாகிவிட்டது.

ஆனால், லிண்ட் அதைப் பார்க்கவில்லை. 1794 ஜூலையில், 'சஃபோக்' இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தபோதே அவர் இறந்துவிட்டார். 'வைட்டமின் சி' என்ற காரணம் உலகுக்குத் தெளிவாகத் தெரியவந்தது 1930-களில்தான்.

நம் வீட்டில் எலுமிச்சை ரசம் வைக்கும்போது, அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிவோம். கசந்துவிடும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். கசப்பு மட்டுமல்ல, சத்தும் அதில்தான் மிஞ்சுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எதுவானாலும் கொதிக்கவைக்காமல் சாப்பிடுவதே நல்லது.

அடுத்த முறை எலுமிச்சம்பழத்தைப் பிழியும்போது, அந்த ஒரு பழத்துக்கு வழியில்லாமல் கடலில் போன ஆயிரக்கணக்கான உயிர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!