30 லட்சம் புதையல்! பாட்டிக்கு எட்டுவது எது?

புதையல் தேடப் புறப்படுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்! ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்களோடு கூட வருவது யார்?

வாட்டசாட்டமான வாலிபரா? எட்டு வயதுச் சிறுமியா? சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியா?

புதையலுக்கும் பாட்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், எல்லோரும் மலை ஏறுவார்கள். பாட்டி மட்டும் காரிலேயே உட்கார்ந்திருப்பார்!

இது தங்கப் புதையல் அல்ல. ஒரு விளையாட்டு. இதன் பெயர் "ஜியோகேச்சிங்". ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தைக் குறிக்கும் எண்களை எல்லோருக்கும் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கும்? ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். பெரிய டப்பாவாக இருந்தால் பொம்மை, கோலி, சாவி வளையம் போன்ற சில்லறைச் சாமான்களும் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால், அதற்குச் சமமான மதிப்புள்ள வேறொன்றை வைக்க வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்!

கருப்பு வாளி

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது.

பூமிக்கு மேலே சுமார் 12,500 மைல் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவை அனுப்பும் சைகைகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். இதற்கு ஜி.பி.எஸ். என்று பெயர்.

ஆனால் ராணுவத்துக்குத்தான் சரியான கணக்கு கிடைத்தது. பொது மக்களுக்குக் கிடைத்த சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவிட்டார்கள். காட்டிய இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 300 அடிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். அந்தக் கணக்கை நம்பி ஒரு டப்பாவை எப்படித் தேடுவது?

2000-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியபோது, அன்றைய ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில், சாதாரண மனிதன் கையிலிருந்த கருவி பத்து மடங்கு துல்லியமாகிவிட்டது!

உடனே ஒருவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அவர் பெயர் டேவ் உல்மர். மே 3-ந் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கருப்பு வாளியை அவர் ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின்! இடத்தின் எண்களை இணையத்தில் எழுதிப் போட்டார். மூன்றே நாளில் இரண்டு பேர் வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. விளையாட்டுப் பிரியர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

75 எங்கே? 30 லட்சம் எங்கே?

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மி ஐரிஷ் என்பவர் இதற்கென்றே "ஜியோகேச்சிங் டாட் காம்" என்ற இணைய தளத்தைத் தொடங்கினார். அப்போது பட்டியலில் இருந்த டப்பாக்கள் வெறும் 75.

இன்றோ 30 லட்சத்துக்கும் மேல்! 190-க்கும் அதிகமான நாடுகளில் இருக்கின்றன. பனி மூடிய அண்டார்டிகாவிலும் உண்டு. 2008-ல் ரிச்சர்டு காரியட் என்பவர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அங்கேயும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அதைத் தேட வேண்டுமானால் ராக்கெட்டில்தான் போக வேண்டும்!

ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 528 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியும் சில நகரங்களின் வரைபடத்தைத் திறந்தால் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் மொய்க்கின்றன.

முன்பு, டப்பா கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இப்போது எந்த டப்பா நமக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்!

காரில் காத்திருந்த பாட்டி

சியாட்டல் நகரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண், சக்கர நாற்காலியில் பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் ஏறினார்கள். செல்போனில் வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த புள்ளியை அப்பா தேர்ந்தெடுத்தார். போய்ப் பார்த்தால் செங்குத்தான சரிவு! பாட்டி காரில் இருந்துவிட்டார். மற்றவர்கள் மூச்சு வாங்க ஏறினார்கள். ஒரு மணி நேரம் தேடினார்கள். டப்பா இல்லை! அது எப்போதோ காணாமல் போய்விட்டது.

சிறுமியின் முகம் வாடிவிட்டது. பாட்டி, "பரவாயில்லை கண்ணே!" என்றார். ஆனால் பாட்டியின் முகமும் வாடித்தான் இருந்தது.

தப்பு யாருடையது? மலையினுடையது அல்ல. டப்பாவினுடையதும் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்காமல் புறப்பட்டதுதான் தப்பு!

இரண்டு எண்கள்

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும்.

முதல் எண், கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும். 1 என்றால் சுலபம். 5 என்றால் மண்டை காய்ந்துவிடும்.

இரண்டாவது எண், அங்கே போய்ச் சேரும் பாதை எப்படி என்று சொல்லும். 5 என்றால் படகோ, மலையேறும் கயிறோ வேண்டியிருக்கும். 1 என்றால் சக்கர நாற்காலி போகும்!

ஆம்! பாட்டிக்கு வேண்டிய எண் அந்த 1-தான்.

சட்டைப் பைக் கேள்வி

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம். அதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதை "பாக்கெட் குவெரி" என்கிறார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற கேள்வி என்று சொல்லலாம். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் இது கிடைக்கும்.

நம் தேவைகளை ஒரு தடவை குறித்துக் கொடுத்தால் போதும். அதற்குப் பொருந்தும் டப்பாக்களை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். ஒரு பட்டியலில் 1,000 வரை அடங்கும். அதைச் செல்போனிலோ, ஜி.பி.எஸ். கருவியிலோ ஏற்றிக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டிலும் படிக்கலாம்.

நம் குடும்பம் அடுத்த வாரம் இப்படித்தான் செய்தது. முதலில், வீட்டைச் சுற்றி ஒரு பட்டியல்.

வட்டத்தின் நடுப்புள்ளியாக வீடு இருக்கும் இடத்தைக் கொடுத்தார்கள். எத்தனை மைல் சுற்றளவுக்குள் என்பதற்கு 10 மைல் என்று குறித்தார்கள்.

டப்பாவில் பல வகை உண்டு. ஒன்று கண்டால் அடுத்ததற்கு வழி காட்டுவது ஒரு வகை. விடுகதையை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் என்பது ஒரு வகை. குறித்த இடத்திலேயே இருப்பது ஒரு வகை. குழந்தைக்கு ஏற்றது கடைசி வகைதான். அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிலிம் சுருள் டப்பி அளவுக்கு மிகச் சிறிய டப்பாக்களும் உண்டு. அதில் பெயர் எழுதக் காகிதம் மட்டுமே இருக்கும். பொம்மை இருக்காது. ஆகவே அதை நீக்கினார்கள்.

கடினம் 2-க்கு மேல் வேண்டாம். பாதை 1 மட்டும்.

இன்னும் மூன்று குறிப்புகள்: நாங்கள் இதுவரை கண்டுபிடிக்காதது. இப்போது செயலில் உள்ளது. கடந்த 7 நாளில் யாராவது கண்டுபிடித்தது.

கடைசிக் குறிப்பைக் கவனியுங்கள்! போன வாரம் ஒருவர் கண்டுபிடித்திருந்தால், டப்பா இந்த வாரமும் பெரும்பாலும் அங்கே இருக்கும். குழந்தை வெறும் கையோடு திரும்ப வேண்டியதில்லை.

பிறகு, "வாரந்தோறும்" என்பதைக் குறித்து, வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். இனி ஒவ்வொரு வெள்ளியும் புதிய பட்டியல் தானாகத் தயாராகிவிடும். பழைய பட்டியலை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால், எடுத்துவிட்ட டப்பாவைத் தேடி அலைய நேரும்.

ஊர் விட்டு ஊர்

சரி, பயணம் போகும்போது?

வீட்டுக்குப் போட்ட பட்டியல் வெளியூருக்கு உதவாது. ஏனென்றால், அதன் நடுப்புள்ளி வீடு. அதற்கு வேறு கேள்வி, வேறு பட்டியல்.

சியாட்டலிலிருந்து போர்ட்லாந்து நகரம் ஏறக்குறைய 175 மைல். அந்த முதல் வாளி இருந்த பீவர்கிரீக், போர்ட்லாந்துக்கும் தென்கிழக்கே இருக்கிறது. நம் குடும்பம் அங்கே போக ஆசைப்பட்டது.

இதற்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று, வழிக்கு. போகிற சாலையைக் குறித்து, இரு பக்கமும் எவ்வளவு தூரத்துக்குள் என்று சொன்னால், வழியில் உள்ள டப்பாக்கள் மட்டும் வரும். காபி குடிக்க நிறுத்தும் இடத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, போய்ச் சேரும் ஊருக்கு. அந்த ஊரை நடுவில் வைத்து ஒரு வட்டம்.

இவற்றுக்கு "வாரந்தோறும்" தேவை இல்லை. "ஒரு தடவை மட்டும்" என்று குறித்தால் போதும். புறப்படுவதற்கு முதல் நாள் பட்டியலை எடுத்துவிட வேண்டும்.

பெரிய நகரமாக இருந்தால் 1,000-க்கு மேல் வந்துவிடுமே? அதற்கும் வழி உண்டு. டப்பா வைத்த தேதியை வைத்துப் பிரிக்கலாம். 2010 வரை வைத்தவை ஒரு பட்டியல், அதற்குப் பின் வைத்தவை இன்னொரு பட்டியல். பெரிய மூட்டையை இரண்டாகக் கட்டித் தூக்குவது போலத்தான்!

பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த எண்களைக் கொடுப்பவர் டப்பா வைத்தவர்தான். அவரும் மனிதர். வைத்த பிறகு மழை பெய்து பாதை அரித்திருக்கலாம். மரம் விழுந்திருக்கலாம். ஆகையால் கடைசியாகப் போனவர்கள் எழுதிய குறிப்புகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் தொடர்ந்து "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது.

தேடும்போது பதுங்கிப் பதுங்கி நடப்பதும் ஆபத்து. 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில், ஒருவர் டப்பாவைக் கையாண்டதைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று பயந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. தெருவை அடைத்தார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து டப்பாவை வெடித்துத் தகர்த்தார்கள். பார்த்தால், அது விளையாட்டு டப்பா!

யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வேலியைத் தாண்டாதீர்கள். குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். குழந்தை மரப்பொந்தில் கையை விடுவதற்கு முன், உள்ளே பூச்சி பொட்டு உண்டா என்று பெரியவர் ஒருவர் பார்த்துவிடட்டும்.

யார் எழுதுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நம் குடும்பம் ஒரு பூங்காவுக்குப் போனது. பாதை சமமாக இருந்தது. அப்பா நாற்காலியைத் தள்ளினார். சிறுமி முன்னால் ஓடினாள்.

ஒரு பெஞ்சுக்குப் பின்னால் தூண். தூணுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், ஒரு டப்பா.

"பாட்டி, நீங்களே எடுங்கள்!" என்றாள் பேத்தி.

பாட்டி கையை நீட்டினார். டப்பா கைக்கு வந்தது. நோட்டைத் திறந்து, நடுங்கும் விரலால் தம் பெயரை எழுதினார். அதற்குக் கீழே பேத்தியின் பெயரையும் எழுதினார்.

எல்லோருடைய பெயரும் ஏறுகிற நோட்டில் பாட்டியின் பெயரும் ஏறியது. அதற்கு ராக்கெட் தேவைப்படவில்லை. கயிறு தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை யோசித்துக் கேட்ட ஒரு கேள்விதான் தேவைப்பட்டது.

ஆகவே, புதையல் தேடப் போகிறவர்களே! "எங்கே இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால், "யாரோடு போகிறோம்?" என்று கேளுங்கள். பாதி புதையல் அப்போதே கிடைத்துவிடும்!