பெயர் மாறினால் பிரவுசர் தடுக்கும்

மதுரையில் உள்ள ஒரு ஜவுளிக் கடையின் இணைய தளத்தைத் திறக்கிறீர்கள். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என பிரவுசர் எச்சரிக்கிறது. வைரஸா? பெரும்பாலும் இல்லை; பெயர்க் குழப்பம்தான்.

சிறிய தளங்களுக்குத் தனி சர்வர் கட்டுப்படியாகாது. ஷேர்டு ஹோஸ்டிங் முறையில் ஒரே சர்வரில், ஒரே ஐ.பி. முகவரியில் பல தளங்கள் இயங்கும். ஒண்டிக்குடித்தனம் போல, கதவு எண் ஒன்று, குடும்பங்கள் பல. கடையின் பெயரில் பாதுகாப்புச் சான்றிதழ் அமைக்காவிட்டால், சர்வர் வேறொரு பெயருக்கான சான்றிதழை நீட்டிவிடும். நீங்கள் டைப் செய்த பெயர் அதில் இல்லாததால் பிரவுசர் தடுக்கிறது.

இவ்வளவு கண்டிப்பு தேவையா? 2014 ஜூலையில், மத்திய அரசின் என்.ஐ.சி. வழியாக கூகுள் தளப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விண்டோஸ் அவற்றை நம்பியது. இத்தகைய சான்றிதழ் கிடைத்தால், போலித் தளமும் எச்சரிக்கையின்றித் திறக்கும். எனவே என்.ஐ.சி.யின் சான்றிதழ் உரிமைகள் ரத்து செய்யப்பட்டன.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை:

1. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

2. முன்னால் மூன்று டபிள்யு சேர்த்தும், நீக்கியும் பாருங்கள். சில தளங்களில் ஒன்றுக்கு மட்டுமே சான்றிதழ் இருக்கும்.

3. வங்கித் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள். எந்தத் தளமானாலும் பாஸ்வேர்ட், கார்டு எண் தராதீர்கள்.

4. தளம் உங்களுடையதா? ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே சான்றிதழ் வழங்குகிறது.