நிலாவைக் கடன் வாங்கிய ஊட்டி தொலைநோக்கி: தூரத்து கேலக்ஸிகளைத் துல்லியமாகப் பார்ப்பது எப்படி?

ஒரகடம் பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டு கிராமம் 2022-ல் செய்திகளில் அடிபட்டது ஞாபகம் இருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானவை என்றார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள், கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள். நடுவில் மண்ணுக்கடியில் கற்காலம்!

பழங்காலத்தைப் பார்க்க அந்த ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. தோண்டவே வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். மார்கழி மாத ராத்திரியில் கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். திருவாதிரை நட்சத்திரமும் பக்கத்திலேயே சிவப்பாக மின்னும். அந்த மூன்றுக்கு அருகே, வானம் தெளிவாக இருந்தால், மங்கலாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். அதாவது இன்றைக்கு உங்கள் கண்ணில் படும் அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, இங்கே காஞ்சியில் பல்லவர்கள் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பொட்டு, நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். ஆனால் பிரசவ அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. தூசும் வாயுவும் திரைபோல மறைக்கும். சாதாரண வெளிச்சம் அதைத் தாண்டி வராது, ரேடியோ அலைகள் வரும். அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு ரேடியோ தொலைநோக்கி தேவைப்படுகிறது.

ஆனால் அதில் ஒரு பெரிய சிக்கல்.

நம் கண்ணைவிட மங்கல்

ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வரும் அலையின் நீளம், தொலைநோக்கியின் அகலம். அலை நீளமாக இருந்தால் படம் மங்கும். அகலம் கூடினால் தெளியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ரேடியோ அலையோ மீட்டர் கணக்கில்கூடப் போகும்.

ஊட்டி அருகே முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு, 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளவாக்கில் கட்டிய 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள்தான் அதன் கண்ணாடி.

ஏன் ஊட்டி? குளிருக்காக இல்லை! அங்கே சுமார் 11 டிகிரி சாய்வில் வடக்கு தெற்காக ஒரு மலைச்சரிவு இருந்தது. ஊட்டியின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதேதான். அந்தச் சரிவிலேயே தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றினால் போதும், ஒரு கேலக்ஸியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். இருக்கிற மலையையே இயந்திரத்தின் பாகமாக்கிய இந்த யோசனை, என் கணக்கில் இந்தியப் பொறியியலின் அழகான தீர்வுகளில் ஒன்று.

அவ்வளவு பெரிய கருவி, பிடிக்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால், அதன் பார்வை நம் வெறுங்கண்ணைவிட ஐந்து மடங்கு மோசம். அரை கிலோமீட்டர் கருவிக்கு இந்த கதி!

அப்போ நிலா எதுக்கு?

ராத்திரி நடந்து போகிறீர்கள். தூரத்தில் ஒரு விளக்கு. கண்ணாடி போடாததால் வெறும் வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரிகிறது. அது குண்டு பல்பா, டியூப் லைட்டா? நடக்க நடக்க, ஒரு கட்டடத்தின் ஓரம் அதை மறைக்கிறது. பல்பு என்றால் சட்டென்று காணாமல் போகும். படுக்கை வசத்தில் இருக்கும் டியூப் லைட் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இரண்டு பல்புகள் என்றால் இரண்டு படியாக அணையும். பார்வை மங்கலாக இருந்தாலும், விளக்கின் வடிவம் பிடிபட்டுவிடும்.

ஊட்டியில் அந்தக் கட்டடம் நிலா. வானில் அது நொடிக்கு அரை ஆர்க் செகண்ட் வேகத்தில் நகர்கிறது. (ஒரு ஆர்க் செகண்ட் என்பது நாலரை கிலோமீட்டர் தூரத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு.) வழியில் ஏதாவது ஒரு ரேடியோ கேலக்ஸியை நிலா மறைக்கும்போது, சிக்னல் எந்த நொடியில், எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்தால் போதும். சில ஆர்க் செகண்ட் வரை நுணுக்கம் கிடைத்துவிடும்.

இந்த முறையின் மவுசு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவர் குழுவினரும் 3சி 273 என்ற பொருளை நிலா மறைப்பதைப் பதிவு செய்தார்கள். அதன் சரியான இடம் தெரிந்ததால், அடுத்த ஆண்டே மார்டன் ஷ்மிட் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ‘குவாசர்’ என்று கண்டுபிடித்தார். நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது வரும் வெளிச்சம் அது. இப்படி மையம் கொதித்துக்கொண்டிருப்பவற்றைத்தான் ‘ஆக்டிவ் கேலக்ஸி’ என்கிறார்கள்.

ஊட்டி அதையே முழுநேர வேலையாகச் செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ கேலக்ஸிகள், குவாசர்களின் வடிவத்தை நிலா மறைப்பு மூலம் அளந்தார்கள். 1975-ல் விஜய் கபாஹி அந்த அளவுகளை வைத்து ஒரு முடிவைச் சொன்னார்: மங்கலான, அதாவது அதிகத் தொலைவில் இருக்கும் பொருள்களின் அளவும் எண்ணிக்கையும், பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்தது என்ற கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை. பிரபஞ்சம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு நீலகிரியிலிருந்து போன ஆதரவு அது.

தட்டை உடைத்துப் பரப்பினால்

நிலா நல்ல நண்பன்தான், ஆனால் தன் பாதையை விட்டு நகராது. வானத்தில் ஒரு பட்டையில் இருப்பதை மட்டுமே மறைக்கும். ஆகவே அடுத்த வழி: பல தொலைநோக்கிகளைத் தூரதூரமாக வைத்து, சிக்னல்களை ஒன்றுசேர்ப்பது. அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் இப்போது ‘அகலம்’. ஸ்வரூப் இதே முறையில் புனே மாவட்டம் நாராயண்காவ் அருகே ஜிஎம்ஆர்டி-யை எழுப்பினார். 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கின்றன.

இதே முறையில் இயங்கும் அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கி, நம்ம ஓரியன் பொட்டில் ஒரு விசித்திரத்தைப் பிடித்தது. பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, தூசுக்குள் இரண்டு இளம் நட்சத்திரங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டிருந்தன. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. பிறந்த வீட்டிலேயே ஒரு தள்ளுமுள்ளு நடந்திருக்கிறது!

பூமியையே ஒரு தட்டாக்கியதன் பலன்தான் 2019-ல் வந்த எம்87 கருந்துளைப் படம். நிலாவில் வைத்த ஆரஞ்சுப் பழத்தை இங்கிருந்து பார்க்கும் நுணுக்கம் அது.

சத்தம் போடாதீங்க

இதெல்லாம் நடக்க வேண்டுமானால், சுற்றுப்புறம் ரேடியோ அமைதியாக இருக்க வேண்டும். வானிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு பலவீனம். உங்கள் கையில் இருக்கும் போனை ஆன் செய்து நிலாவில் வைத்தால், ரேடியோ வானத்தின் மிகப் பிரகாசமான பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிடும். அந்தப் போனே ஸ்ரீபெரும்புதூரில் தயாரானதாக இருக்கலாம். டவர், வெல்டிங், மின்மாற்றி, வாகனங்கள் என்று இருக்கும் ஒரகடம் மாதிரி இடம், ரேடியோ வானியலுக்கு டிராஃபிக் சிக்னலில் உட்கார்ந்து வீணை கேட்பது போல.

இந்த அமைதிக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். புனே - நாசிக் இடையே திட்டமிட்ட அரை அதிவேக ரயில் பாதை முதலில் நாராயண்காவ் வழியாகப் போவதாக இருந்தது. ஜிஎம்ஆர்டி ஆய்வுகள் பாதிக்கும் என்பதால் அந்தப் பாதையை ஏற்க முடியாது என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தக்காளி, வெங்காயம் விளையும் ஊர்கள் அவை. ரயில் வந்தால் சந்தை பக்கமாகிவிடும், வேலை வரும் என்று நம்பியிருந்தவர்கள்.

தொலைநோக்கியையும் காப்பாற்றி ரயிலையும் விட வழி உண்டா என்பதுதான் அவர்கள் கேட்பது. மாற்றுப் பாதையில் ரயில் போனால், நாராயண்காவுக்கு ஸ்டேஷன் இல்லை.