திருவிழா விளக்கும் சமாந்தரச் சுற்றும்

நேயர்களே, தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதித் திருவிழாவிற் கிடுகுக் கூரையிட்ட கடையொன்றை எண்ணிப்பாருங்கள். அங்கே விளக்குகள் சமாந்தரமாக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று அணைந்தாலும் ஏனையவை எரியும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அழுத்தம் 230 வோல்ற்று.

எரியும் விளக்கொன்றின் தடை 1150 ஓம் ஆயின், அழுத்தத்தைத் தடையால் வகுக்க ஓட்டம் 0.2 அம்பியர், அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வலு 46 உவாற்று. அத்தகைய விளக்குகள் 25 இருப்பின் ஓட்டம் 5 அம்பியர், வலு 1150 உவாற்று. மொத்தத் தடையோ 46 ஓமாகக் குறைகின்றது. தொண்டைமானாற்று அணையிற் கதவுகளை மேலும் மேலும் திறந்தால் நீரோட்டம் மிகுவது போன்றதே இதுவும்.

அவ்வோட்டம் முழுவதையும் பொதுக் கம்பியே தாங்குகின்றது. ஓட்டம் இரட்டித்தால் அதில் விளையும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே, பியூஸ் என வழங்கும் 5 அம்பியர் உருகி அறுந்தால், தடித்த கம்பியை இடாதீர்கள், விளக்குகளைக் குறையுங்கள். உருகி அறுவதாற்றான் கூரை எரியாது நிற்கின்றது.