'கரண்ட்' வைக்கும்போது வயிற்றுப்போக்கா? பட்டினி கிடக்காதீங்க... என்ன சாப்பிடலாம்?

கர்ப்பப்பை வாய், மலக்குடல், புராஸ்டேட் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு வரும். கடலூர், சிதம்பரத்தில் இருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு இது பெரிய பயம். 'வழியில அவசரமா வந்துட்டா என்ன பண்றது?' என நினைத்து, சாப்பிடாமலேயே கிளம்பத் தோன்றும். ஆனால் அதுதான் ஆபத்து.

ஏன் வருகிறது?

புற்றுக்கட்டியைத் தாக்கும் கதிர்வீச்சு, பக்கத்தில் உள்ள குடலின் உள்சவ்வையும் புண்ணாக்குகிறது. இதனால் சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சும் வேலை குறைகிறது. பெரும்பாலும் 2 அல்லது 3-வது வாரத்தில் தொடங்கி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

உடலில் நீர் வற்றும், எடை குறையும். உடம்பு தாங்காமல் சிகிச்சையை இடையில் நிறுத்த நேரிடலாம். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு மொத்த சிகிச்சையையும் 8 வாரத்துக்குள் முடிப்பதே இலக்கு. இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும்.

என்ன சாப்பிடலாம்?

* இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், கஞ்சி, வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 வேளை.

* அவித்த முட்டை, பாசிப்பருப்பு, காரம் குறைத்த மீன் குழம்பு. இட்லிக்கு கொத்சு வேண்டுமா? மிளகாய், எண்ணெயைக் குறைத்துச் செய்யுங்கள்.

* உப்பு போட்ட மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல். பாக்கெட்டில் போட்டுள்ள அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பஸ்ஸிலும் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

எதைக் குறைக்கணும்?

பொரித்தது, காரம், ஸ்ட்ராங் காபி, மது. பால் குடித்தால் போக்கு கூடுகிறது என்றால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அதிகமாகப் போகும் நாட்களில் பண்ருட்டி பலாவும் முந்திரியும் வேண்டாம்.

காய்கறியே கூடாதா?

அப்படி இல்லை. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் 166 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. வழக்கமான சாப்பாட்டைத் தொடர்ந்தவர்களைவிட, நார்ச்சத்தைக் கூட்டியவர்களுக்கு குடல் தொல்லை குறைவாக இருந்தது. நன்றாக வேகவைத்த சுரைக்காய், கேரட் சாப்பிடலாம். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

எப்போது உடனே போகணும்?

மலத்தில் ரத்தம், காய்ச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைவது, குடித்தது எல்லாம் வாந்தியாவது. இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழைக்கலாம். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து ரத்தம் வந்தாலும் 'மூலம்தான்' என விட்டுவிடக் கூடாது.

மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்று எண்ணி, கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சரியான மருந்தை அவர் முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவும்.